ஒட்டும்! ஆனால் சேட்டையில் அல்ல, வேலையில்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, யார் சொல்லியும் முன்வரிசையை விட்டு நகராத பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

“டாம் சாயர் கதை நம் ராமநாதபுரம் கரைப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டுமா, ஒட்டாதா?” ஒட்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. 1876-ல் மார்க் ட்வைன் எழுதிய அமெரிக்க நாவல். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். தாயில்லாப் பிள்ளை டாம், பாலி பெரியம்மா வீட்டில் வளர்கிறான். பள்ளிக்கு மட்டம் போடுவான், பொய் சொல்வான், சண்டை போடுவான். ஊர்க் குடிகாரனின் மகன் ஹக் அவனுக்குக் கூட்டாளி. தீவுக்கு ஓடிப்போவது, கொலையைக் கண்ணால் பார்ப்பது, குகையில் வழி தப்புவது, புதையல் எடுப்பது எல்லாம் உண்டு.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? அது ஆறு, நமக்குக் கடல். அது அடிமைகளை வைத்திருந்த ஊர். ஏமாற்றவும் வீட்டை விட்டு ஓடவும் கற்றுக்கொடுக்கும் கதை. கலாம் பிறந்த மண்ணுக்கு இந்த ஊர்சுற்றிப் பயல் எதற்கு? நாலு அடி. கைதட்டும் வாங்கினார். நானும் தட்டினேன், பேச்சு நன்றாக இருந்தது. நாவலைத்தான் அவர் பாதிக்குமேல் திறக்கவில்லை.

நடுவர் அவர்களே, இந்தக் கதையைச் சேட்டைக் கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் வேலைதான் இருக்கிறது. சுண்ணாம்பு அடிப்பது, தண்ணீர் சுமப்பது, வசனம் மனப்பாடம் செய்வது, மிதவை ஓட்டுவது. வேலையை எப்படித் தள்ளுவது, யார் தலையில் கட்டுவது, எந்த வேலைக்குள் விளையாட்டை ஒளித்து வைப்பது, இதுதான் டாமின் மூளை ஓடும் வழி. கரைப் பிள்ளைக்கு வேலை தெரியும். அதனால்தான் ஒட்டும் என்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த இரண்டாம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை விடுமுறை. முந்தின நாள் மட்டம் போட்டதற்குத் தண்டனையாக, வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார் பெரியம்மா. பலகை வேலி. நீளம் 30 கஜம், உயரம் 9 அடி. 90 அடிக்கு 9 அடி என்றால் 810 சதுர அடி. சாயங்காலத்துக்குள் மூன்று பூச்சு ஏறிவிடுகிறது. ஆக 2,430 சதுர அடி! ஒரு சிறுவனுக்கு இது தண்டனையா, கொத்தனார் காண்டிராக்டா?

நம் பக்கத்துச் சுண்ணாம்பு எப்படி? கிளிஞ்சல் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நீற்ற வேண்டும். கிலோவுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர். தண்ணீர் பட்டதும் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, அதனால் நீற்றுகிற இடத்தில் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த கோந்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஊறாத கட்டி ஒன்று தப்பிப்போனால் அது சுவரில் உட்கார்ந்து பிறகு பொரிந்து விழும். சுவரை நனைக்காமல் உச்சி வெயிலில் அடித்தால் சாய்ந்து உட்காருகிறவர் சட்டையெல்லாம் வெள்ளை. மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, அது காய்வதற்குள் கீழிருந்து மேலே ஓர் இழுப்பு, அப்புறம் பக்கவாட்டில். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கடற்கரைச் சுவரில் உப்புப் பூத்திருந்தால் அதைச் சுரண்டாமல் அடிப்பது வீண் வேலை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? டாம் அந்த வேலையை மற்றப் பிள்ளைகளிடம் விற்றது வெறும் வாய்ஜாலம் என்றார் எதிரணித் தலைவர். அவன் என்ன சொல்லி விற்றான்? தெருப்பக்க வேலி, பெரியம்மா கண்டிப்பானவர், இதைப் பக்குவமாகச் செய்ய ஆயிரத்தில் ஒருவன், இரண்டாயிரத்தில் ஒருவனால்தான் முடியும் என்றான். அந்த வேலைக்குள் உண்மையிலேயே ஒரு நுணுக்கம் இருப்பதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. தூரிகையை இழுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி வந்து ஒரு தொடு தொடுவான். பென் ரோஜர்ஸ் கையில் இருந்த ஆப்பிள் கைமாறுகிறது. இன்னொருவன் பட்டம் கொடுக்கிறான். மற்றொருவன் செத்த எலியையும் அதைச் சுழற்ற ஒரு நூலையும் கொடுக்கிறான்! சுண்ணாம்பு தீராமல் இருந்திருந்தால் ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஓட்டாண்டி.

நம் கரையில் பலகை வேலி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வேண்டாம். விடுமுறைக் காலையில் நம் வீட்டுப் பிள்ளை தலையில் விழும் வேலை எது? நண்டு வலை கழிப்பது, அதாவது வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்து எடுப்பது. பாக் நீரிணைக் கரை நெடுக, விடிந்தால் வலைக் குவியலைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். நீலக்கால் நண்டின் ஓட்டில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு முள். வலைக்கண் முதலில் சிக்குவது அதில்தான். நண்டைப் பிடித்து இழுக்கிறவன் கற்றுக்குட்டி, கால் கையோடு வந்துவிடும். கால் போன நண்டுக்கு விலை இறங்கும், இழுத்த இழுப்பில் வலைக்கண்ணும் அறும். தெரிந்த கை பின்பக்கமாகத்தான் போகும். துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும் கடைசிக் கால்களின் அடியில், கீழே பெருவிரல், மேலே இரண்டு விரல். கொடுக்கு அங்கே எட்டாது. நண்டை அசைக்காமல் வலையைத் திருப்பித் திருப்பி முதலில் முள்ளை விடுவித்து, பிறகு கால்களை, கடைசியில் கொடுக்கை. கொடுக்கு வலையைக் கவ்விக்கொண்டிருந்தால் அவசரப்படுத்தக் கூடாது. கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் அதுவே விட்டுவிடும்.

இந்த வேலையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். “உட்கார்ந்து கழிடா!” என்றால் தண்டனை. “கால் ஒடியாம எடுக்க உனக்கு வருமா? சும்மா இரு, அக்கா எடுப்பா” என்றால் பத்து நிமிஷத்தில் அடுத்த வீட்டுப் பையனும் வந்து உட்காருவான். மிசிசிப்பிக் கரையில் நடந்ததும் இதுதான். செய்தே தீர வேண்டியது எதுவோ அது வேலை, செய்யத் தேவையில்லாதது எதுவோ அது விளையாட்டு என்று அந்த அத்தியாயத்தின் முடிவில் ஆசிரியரே கணக்கு எழுதிவிடுகிறார்.

இப்போது எதிரணியின் கனமான அடிக்கு வருகிறேன். அடிமைகளை வைத்திருந்த ஊர். ஆமாம். மிசௌரி மாநிலத்தில் அன்று அடிமை முறை இருந்தது. அதே இரண்டாம் அத்தியாயத்தில் ஜிம் என்று ஒரு கறுப்பினச் சிறுவன் வருகிறான். இந்தக் கதையைத் தம் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்க்கிற எல்லோரும் டாம் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். ஜிம் பக்கத்தில் யார் நிற்பது?

ஜிம்முக்கு வாளி கொடுத்துத் தண்ணீர் எடுத்துவர அனுப்புகிறார்கள். அடிகுழாய் 150 கஜம்தான். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவன் திரும்பி வந்ததே இல்லை, பல நாள் ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருக்கும் என்கிறது நாவல். ஏன்? குழாயடியில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் வரிசைக்குக் காத்துக்கொண்டு, பொருள் மாற்றிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, கூத்தடித்துக்கொண்டு இருப்பார்கள். டாம் தன் வேலையை விற்று விளையாட்டு வாங்குகிறான். ஜிம்மால் விற்க முடியாது. கிடைத்த வேலைக்குள்ளேயே விளையாட்டை ஒளித்து வைக்கிறான். டாம் ஒரு வெள்ளைக் கோலியைக் காட்டி, கால் கட்டைவிரல் புண்ணையும் காட்டி, “நீ சுண்ணாம்பு அடி, நான் தண்ணி எடுத்துட்டு வர்றேன்” என்கிறான். ஜிம் சபலப்பட்டுக் குனிந்து புண்ணைப் பார்க்கிறான். அடுத்த நொடி பெரியம்மாவின் செருப்பு. அடி வாங்கிக்கொண்டு வாளியோடு ஓடுகிறவன் ஜிம்.

இதைத் தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ராமநாதபுரத்துக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமா? குடங்களை அடுக்கிய நாலு சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போகும் பிள்ளைகள் நம் தெருவில் இல்லையா? தண்ணீர் வண்டி வரும் வரைக்கும் அந்த வரிசையில் நடக்கிற நொண்டியாட்டமும் குடச்சண்டையும் எந்தக் கணக்கில் சேரும்?

கடற்கரை ஊற்றையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைவு, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும். அந்த நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்கு. பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. ஆழம் சரியாக இருந்தாலும் வேகமாக மொண்டால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். கொட்டாங்கச்சியில் மேலாக மொண்டு, ஊற விட்டு, மறுபடி மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய ஏன் இவ்வளவு நேரம் என்று வீட்டில் கத்துவார்கள். உள்ளபடியே அது ஊறுகிற நேரம். அந்த நேரத்தில் நண்டு துரத்தினால் அது சேட்டையா?

ஆறு வேறு, கடல் வேறு என்று சொன்ன எதிரணித் தலைவரே, வாளி ஒன்றுதான்.

ஏமாற்றக் கற்றுக்கொடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்குச் சுருக்கமாகப் பதில். ஞாயிறு வேதாகமப் பள்ளியில் இரண்டு வசனம் ஒப்பித்தால் ஒரு நீலச்சீட்டு, பத்து நீலத்துக்கு ஒரு சிவப்பு, பத்துச் சிவப்புக்கு ஒரு மஞ்சள், பத்து மஞ்சளுக்கு ஒரு வேதாகமம். மொத்தம் 2,000 வசனம். டாம் தூண்டில்முள்ளும் கோலியும் கொடுத்துச் சீட்டு வாங்கி, 9 மஞ்சள், 9 சிவப்பு, 10 நீலம் காட்டுகிறான். கூட்டிப் பாருங்கள், 1,800, 180, 20. கணக்கு சரி, தலைக்குள் ஒன்றும் இல்லை. இயேசுவின் முதல் இரண்டு சீடர்கள் யார் என்று பெரியவர்கள் முன்னால் கேட்டதும், “தாவீதும் கோலியாத்தும்” என்கிறான். அந்த மானக்கேட்டோடு ஆசிரியர் அத்தியாயத்தையே இழுத்து மூடிவிடுகிறார். இதுவா ஏமாற்றக் கற்றுக்கொடுப்பது? சான்றிதழ் அடுக்குகிற நம் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அத்தியாயம் வேறு இல்லை.

கலாம் பெயரை எடுத்தார்கள். எடுத்ததற்கு நன்றி. இரண்டாம் உலகப் போர் காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்ததையும், அதைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து ஒரு நாளைக்கு ஓர் அணா பார்த்ததையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ராமேசுவரத்தில் ரயில் நிற்பது நின்றுபோனதும், ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளை எடுக்கிற வேலைக்கு உதவியாகப் போனதையும் எழுதியிருக்கிறார். எதற்கு என்ன விலை என்று தெரிந்த பையன், ஓடும் ரயிலைப் பார்த்துக் காத்து நின்ற பையன். கலாமையும் டாமையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை மூட்டுவதைவிட, ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இனி மிதவை. இங்கேதான் எதிரணிக்குப் பயம், எனக்கும் பயம்.

டாமும் ஹக்கும் ஜோ ஹார்ப்பரும் நள்ளிரவில் மிதவை எடுத்துக்கொண்டு, ஊருக்கு மூன்று மைல் கீழே உள்ள ஜாக்சன் தீவுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் குருசடைத் தீவுக்குக் கிளம்பிவிட்டால்? முதலில், மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்கா, 1986 முதல். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. கதையில் வருகிற மாதிரி ஆமை முட்டை தோண்டித் தின்றால் இங்கே ஜெயில்தான்.

இரண்டாவது, ஆற்றில் நீர் ஒரே பக்கம் போகும். அப்படியும் டாம் என்ன பாடுபடுகிறான் என்று பாருங்கள். இரவில் வீட்டை எட்டிப் பார்க்கக் கரைக்கு வருகிறான். இடுப்பளவு வரும் வரை மேட்டில் நடந்தே பாதி தூரம் கடந்துவிட்டு, மீதி நூறு கஜத்தை நீந்துகிறான். நேராக நீந்தவில்லை, ஓட்டத்துக்கு எதிராகச் சாய்த்து நீந்துகிறான். இருந்தும் நினைத்ததைவிட வேகமாகக் கீழே அடித்துச் செல்லப்படுகிறான். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. சேட்டைக்காரன் என்கிறோம், நீரோட்டம் படித்த சேட்டைக்காரன்.

நம் கடலுக்கு நீரோட்டமும் காற்றும் சேர்ந்து படிக்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலத்தில் நேர்மாறு. பிள்ளைகள் எந்தக் கடலில் இறங்குவார்கள்? அடங்கிக் கிடக்கிற கடலில். ஆபத்தும் அங்கேதான். வாடை அடிக்கும்போது தென்கரையில் நின்றால் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து கடலுக்குள் போகிறது. கரையோரம் அலையே இருக்காது. தெர்மாகோல் மிதவையோ எடையே இல்லாதது, தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கும், காற்று முழுக்க அதில் பிடிக்கும். ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே கரை தள்ளிப் போய்விடும். வெளியே போகப் போக அலை பெரிதாகும். பதறி எழுந்து நின்றால் கவிழும். மிதவையை விட்டுவிட்டு நீந்தத் தொடங்குவது அதைவிட மோசம். மிதவையைப் பிடித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி வீசிக் காட்டிக்கொண்டு கிடப்பவனைத்தான் படகுக்காரர் கண்டுபிடிப்பார். கல்லும் கயிறும் கட்டாமல், கரையில் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டு இல்லாமல் மிதவை இறங்கக் கூடாது.

இந்தப் பாடத்தை மேடை போட்டுச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஜாக்சன் தீவு அத்தியாயத்தை வாசித்து முடித்த கையோடு, “இதே டாம் நம்ம தென்கரையில், மார்கழியில் கிளம்பியிருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருப்பான்?” என்று கேளுங்கள். காற்றின் பெயரெல்லாம் தானாக வரும்.

தீவில் இருந்தவர்கள் செத்துவிட்டதாக ஊர் நினைக்கிறது. தேவாலயத்தில் இரங்கல் கூட்டம் நடக்கும்போது மூவரும் உள்ளே நுழைகிறார்கள். பெரிய வேடிக்கையாகப் பேசப்படும் காட்சி. இந்த ஓர் இடத்தில் எதிரணியோடு நிற்கிறேன். 1964 புயலைப் பார்த்த கரையில், போன படகு திரும்பாத வீடுகள் உள்ள கரையில், இது சிரிக்கிற விஷயம் அல்ல. பெரியம்மா அழுவதை டாம் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கேட்கிறான். உயிரோடு இருக்கிறோம் என்று மரப்பட்டையில் எழுதிக் கொண்டுவந்ததை வைக்காமல், திரும்ப எடுத்துக்கொண்டு போகிறான். மன்னிக்க முடியாத செயல். நாவலே பின்னால் பெரியம்மா வாயால் அவனைக் கேள்வி கேட்கிறது.

ஒட்டாத இடம் இன்னொன்றும் உண்டு. வில்லன் இன்ஜுன் ஜோ, தீவுக்குப் போன ஜோ ஹார்ப்பர் அல்ல, கலப்பினச் செவ்விந்தியன். அவன் கொடுமைக்குக் காரணமாக அவன் ரத்தத்தையே காட்டுகிறது கதை. பிறப்பைக் காட்டி ஆளை எடைபோடும் அந்தப் புத்தியை ஒட்டவைக்க வேண்டாம், பிய்த்துக் காட்ட வேண்டும்.

அந்நியக் கதை என்கிறார்களே, சேட்டை செய்த இளமையை நினைத்து ஏங்குவது நமக்கு அந்நியமா? புறநானூற்று 243-ஆம் பாட்டைப் பாருங்கள். கோலூன்றி, இருமிக்கொண்டு நிற்கும் கிழவர் இளமையை நினைக்கிறார். நீர்மேல் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மருள, ஆழமான மடுவில் துடுமெனப் பாய்ந்து, அடியிலிருந்து மணல் எடுத்துக்கொண்டு வந்தாராம். மணல் எதற்கு? தரையைத் தொட்டதற்குச் சாட்சி! சேட்டையிலும் ஆதாரம் கேட்கிற கூட்டம் நாம்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. “இக்கதையை உன் வாழ்வோடு ஒப்பிடுக” என்று கேள்வி கொடுத்தால், “நானும் குறும்பு செய்தேன், அம்மா அடித்தார், திருந்தினேன்” என்று நாற்பது தாளிலும் ஒரே விடை வரும். கேள்வி தப்பு. தாளில் மூன்று பத்தி கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தியில் ஒரே ஒரு காட்சி, அதில் யார் கையில் என்ன பொருள், எந்த வேலை, யார் செய்தது. இரண்டாம் பத்தியில் நம் கரையில் அதே வேலை, அதன் படிகள், எங்கே கெட்டுப்போகும். மூன்றாம் பத்தியில் ஒட்டாதது. மூன்றாம் பத்தி காலியாக வந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள், பிள்ளை இன்னும் படிக்கவில்லை. குகை அத்தியாயத்தை நம் பக்கம் யாரும் எழுதி முடிக்க மாட்டார்கள், நமக்குக் குகை இல்லை. ஆனாலும் இருட்டில் கிளைவழி பார்க்கப் போகுமுன் பட்டம் விடும் நூலை ஒரு பாறையில் கட்டிவிட்டு டாம் போனானே, அந்த நூலுக்கு எதிரே சங்கு குளிப்பவர் இடுப்புக் கயிற்றைக் கீழக்கரைப் பிள்ளை எழுதிவிடும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் டாமைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். 150 கஜத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட ஜிம், நம் தெருக் குழாயடியில் நிற்கிறானா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். வணக்கம்.